நகரத்துப் பூர்வகுடிகள்: ஒரே ஊருக்கு இரண்டு தலைக்கணக்கு ஏன்?

டொரண்டோ நகரத்தில் பூர்வகுடி மக்கள் எத்தனை பேர்? கனடா அரசு 2011-இல் நடத்திய தேசிய வீட்டுக் கணக்கெடுப்பு 19,270 என்றது. 2016 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 23,065 என்றது. இந்த இரண்டுக்கும் நடுவே, 2015–16-இல், பூர்வகுடி அமைப்புகள் முன்னின்று நடத்திய ‘அவர் ஹெல்த் கவுன்ட்ஸ்’ (Our Health Counts) என்ற ஆய்வு சொன்னதோ ஏறக்குறைய 55,000. பிழை வரம்பையும் சேர்த்தால் 45,000 முதல் 73,000 வரை.

ஐந்து, பத்து சதவீதம் முன்பின் இருந்தால் கணக்கில் சறுக்கல் என்று விட்டுவிடலாம். இது இரண்டு மடங்குக்கும் மேல். டொரண்டோவில் பள்ளி விழாவோ நகரசபைக் கூட்டமோ, எதற்குப் போனாலும் ‘இந்த நிலம் இன்னாருடையது’ என்ற அறிவிப்போடுதான் தொடங்குகிறார்கள். அங்குள்ள தமிழர்களுக்கு அது மனப்பாடமே ஆகியிருக்கும். அந்த இன்னார் எத்தனை பேர் என்பதில்தான் இவ்வளவு குழப்பம்.

எந்த எண் சரி என்று கேட்கும் முன், யார் யாரிடம் கேட்டு இந்த எண்களை எடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். ‘சமூகமே வழிநடத்தும் ஆய்வு’ என்று இப்போது பேசப்படுவதன் அடிப்படை அதில்தான் இருக்கிறது.

முதலில் சில சொற்கள்

1. கனடாவின் அரசமைப்புச் சட்டம் மூன்று பூர்வகுடிப் பிரிவுகளை ஏற்கிறது: முதற்குடிகள் (பழைய சட்டமொழியில் ‘இந்தியர்’), வட துருவப் பகுதியின் இனுயிட், ஐரோப்பிய வணிகர்களும் முதற்குடிகளும் கலந்து தனி இனமாக உருவான மேத்தி.

2. ரிசர்வ் என்பது முதற்குடிகளுக்கென்று அரசு ஒதுக்கிய நிலம். அங்கே தலைவரும் பேரவையும் உண்டு. யார் உறுப்பினர் என்பதற்குப் பதிவேடு உண்டு.

3. நகரத்தில் பெரும்பாலும் இவை எதுவும் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் பூர்வகுடி என்பது பல நேரம் பக்கத்து வீட்டுக்கே தெரியாது.

2021 கணக்கெடுப்புப்படி கனடாவின் பூர்வகுடிகள் 18,07,250 பேர், நாட்டின் மக்கள்தொகையில் 5 சதவீதம். அவர்களில் 8,01,045 பேர் பெருநகரங்களில் வாழ்கிறார்கள். அதிகம் பேர் இருப்பது வினிபெக்கில், ஒரு லட்சத்துக்கும் சற்று மேல். பூர்வகுடி என்றதும் காடும் பனியும் கூடாரமும் மனதில் வந்தால் அந்தப் படத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

நகரத்துக்கு எப்படி வந்தார்கள்?

பிழைப்புக்காக வந்தவர்கள் உண்டு. நியூயார்க்கின் வானளாவிய கட்டடங்களில் இரும்புச் சட்டம் பொருத்தியவர்களில் கணிசமானோர் மொஹாக் இனத்தார். மான்ட்ரியால் அருகிலுள்ள கானவாகேயிலிருந்து போனவர்கள், புரூக்ளினில் தனிக் குடியிருப்பே அமைத்துக்கொண்டார்கள்.

ஆனால் விரும்பி வந்தவர்கள் கதை மட்டுமே முழுக்கதை ஆகாது. கனடாவின் ‘இந்தியர் சட்டம்’ 1985 வரை ஒரு விதி வைத்திருந்தது: முதற்குடிப் பெண் வெளியாரை மணந்தால் அவளுடைய சட்டத் தகுதி போய்விடும், பிள்ளைகளுக்கும் கிடையாது. தகுதி போனால் ரிசர்வில் குடியிருக்கும் உரிமையும் போய்விடும். (ஆண் வெளியாளை மணந்தால், வந்த மனைவிக்குத் தகுதி கிடைத்தது!) இந்த ஒரு விதியே பல தலைமுறைப் பெண்களை நகரத்துக்குத் தள்ளியது. அதோடு பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த உறைவிடப் பள்ளிகள், பிள்ளைகளைப் பிடுங்கி வெள்ளையர் வீடுகளில் தத்துக் கொடுத்த 1960-களின் நடைமுறை எல்லாம் சேர்ந்துகொண்டன. டொரண்டோவுக்கு அருகிலுள்ள ஹாமில்டன் நகர மலையிலிருந்த காசநோய் மருத்துவமனைக்கு 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனுயிட் நோயாளிகளைக் கப்பலிலும் விமானத்திலும் கொண்டுவந்தார்கள். பலர் ஊர் திரும்பவே இல்லை.

அமெரிக்கா இதைத் திட்டமாகவே செய்தது. 1956-இல் இடப்பெயர்வுச் சட்டம் இயற்றி, பயிற்சியும் வேலையும் தருவதாகச் சொல்லி சிகாகோ, டென்வர், லாஸ் ஏஞ்சலஸ் போன்ற நகரங்களுக்கு அனுப்பியது. இன்று அங்கே பூர்வகுடிகளில் பத்துக்கு ஏழு பேர் நகரவாசிகள்.

இவர்களை நகரத்துக்குக் கொண்டுவந்ததில் அரசுக்குப் பெரும் பங்கு இருக்கிறது. அதே அரசின் ஊழியர் கையில் படிவத்தோடு கதவைத் தட்டி, ‘நீங்கள் பூர்வகுடியா?’ என்று கேட்டால் என்ன பதில் வரும்? பல வீடுகளில் கதவே திறக்காது.

ஆய்வு என்றாலே கசப்பு

அரசிடம்தான் பயம், பல்கலைக்கழகங்களிடம் இல்லை என்றால் அதுவும் இல்லை. மூன்று சம்பவங்களைச் சொன்னால் போதும்.

1940-களிலும் 50-களிலும் ஆறு உறைவிடப் பள்ளிகளில் ஏறத்தாழ ஆயிரம் பிள்ளைகள் மீது ஊட்டச்சத்துச் சோதனை நடந்தது. பிள்ளைகள் அரைவயிற்றோடு இருப்பது ஆய்வாளர்களுக்குத் தெரியும். வயிற்றை நிரப்பவில்லை, ஒரு பிரிவுக்குச் சத்து மாத்திரை, இன்னொரு பிரிவுக்கு வெறுமனே பழைய சாப்பாடு என்று வைத்து ஒப்பிட்டார்கள். 2013-இல் ஒரு வரலாற்றாய்வாளர் ஆவணங்களைத் தோண்டிய பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது.

1980-களில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் நூசானுல்த் மக்கள் 883 பேரிடம் மூட்டுவாத ஆய்வுக்கென்று ரத்தம் எடுத்தார்கள். மூட்டுவாதத்துக்கு விடை கிடைக்கவில்லை. ரத்தம் ஆய்வாளரோடு அமெரிக்காவுக்கும் பிறகு இங்கிலாந்துக்கும் போய், மனித இனம் எங்கிருந்து எங்கே இடம்பெயர்ந்தது என்ற வேறு ஆய்வுகளுக்குப் பயன்பட்டது. கொடுத்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை. 2004-இல்தான் திரும்பி வந்தது.

அரிசோனாவின் ஹவாசுபாய் மக்கள் கதையும் இதே மாதிரி. 1990-இல் தொடங்கி சர்க்கரை நோய் ஆய்வு என்று எடுத்த ரத்தம், மனச்சிதைவு ஆய்வுக்கும் நெருங்கிய உறவுத் திருமணம் பற்றிய ஆய்வுக்கும் போனது. வழக்குப் போட்டு, 2010-இல் 41 பேருக்கு 7 லட்சம் டாலர் இழப்பீடும் மிச்ச ரத்தமும் வாங்கினார்கள்.

இந்த மூன்றும் நகரத்தில் நடந்தவை அல்ல. நகரத்துக்கு வந்தவர்கள் ஞாபகத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். நகரத்திலோ வேறு வகைச் சலிப்பு சேர்ந்துகொண்டது. வான்கூவரின் டவுன்டவுன் ஈஸ்ட்சைடு போன்ற ஏழ்மைப் பகுதியில் வாழ்பவரிடம் ஒரு ஆய்வாளர் போனால் அடுத்தவர் வருகிறார். கேள்வி அதேதான், முடிவு என்ன ஆனது என்று சொல்ல யாரும் திரும்பி வருவதில்லை. 2019-இல் அந்தப் பகுதிக்காரர்கள், ‘எங்களிடம் ஆய்வுக்கு வருவதென்றால் இப்படி வாருங்கள்’ என்று நிபந்தனைகளை எழுதியே வெளியிட்டார்கள்.

ரிசர்வில் ஒரு கதவு உண்டு. நகரத்தில்?

இந்தக் கசப்புக்கு முதல் விடை 1998-இல் முதற்குடிகளிடமிருந்தே வந்தது. நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்தைச் சேர்த்து ‘ஓகேப்’ என்று அழைக்கிறார்கள். தரவுக்கு உரிமையாளர் சமூகமே. ஆய்வின் ஒவ்வொரு கட்டத்திலும் கட்டுப்பாடு சமூகத்திடம். தன்னைப் பற்றிய தரவை எடுத்துப் பார்க்கச் சமூகத்துக்கு வழி. தரவு சமூகத்தின் கையிருப்பில்.

கடைசிச் சொல்லைக் கவனிக்க வேண்டும். உரிமை என்று தாளில் எழுதிவிட்டு, கோப்பைப் பல்கலைக்கழகக் கணினியில் வைத்திருந்தால் அந்த உரிமைக்கு அர்த்தமில்லை. பத்திரம் உன் பேரில், சாவி என் இடுப்பில் என்ற கதைதான். நூசானுல்த் ரத்தத்துக்கு நடந்தது அதுவே.

2010-இல் கனடாவின் மூன்று அரசு ஆய்வு நிதி அமைப்புகள் தங்கள் பொது நெறிமுறையில் பூர்வகுடி ஆய்வுக்கென ஒன்பதாம் அத்தியாயத்தைச் சேர்த்தன. தனி ஆளின் கையெழுத்து மட்டும் போதாது, சமூகத்தோடும் பேச வேண்டும் என்பது அதன் சாரம்.

சரி, ரிசர்வில் என்றால் தலைவரையும் பேரவையையும் போய்ப் பார்க்கலாம். நகரத்தில் ‘சமூகம்’ என்று யாரைப் போய்ப் பார்ப்பது? ஹாமில்டனில் இருக்கும் ஒரு க்ரீ இனப் பெண்ணின் ரிசர்வ் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். அவளுடைய பேரவைத் தலைவர் ஹாமில்டன் ஆய்வுக்கு அனுமதி தர முடியுமா? பக்கத்திலேயே சிக்ஸ் நேஷன்ஸ் ரிசர்வ் இருக்கிறது. ஆனால் அவள் அந்த இனத்தவள் அல்ல. அவள் பாட்டி 1950-இல் தகுதி இழந்தவள் என்றால் எந்தப் பேரேட்டிலும் அவள் பெயரே இல்லாமல் போகலாம்.

நகரத்து ஆய்வின் முடிச்சு இந்த இடத்தில்தான். மாதிரி எடுப்பது, எண்ணுவது, எடை போடுவது எல்லாம் கணக்கு வாத்தியார் வேலை; கற்றுக்கொள்ளலாம். யாரிடம் அனுமதி கேட்பது என்பதற்குச் சூத்திரம் கிடையாது. அதை அந்தந்த ஊரில் பேசித்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

ஒன்டாரியோவில் இந்தக் கேள்விக்கு நட்புறவு மையங்கள் ஒரு விடை கொடுத்தன. நகரத்துக்கு வந்த பூர்வகுடிகள் ஒருவரையொருவர் சந்திக்கவும், வேலை வீடு தேடவும் தாங்களே அமைத்துக்கொண்ட இடங்கள் இவை. வினிபெக் மையம் 1959-இல் தொடங்கியது. 1972-இல் தேசியச் சங்கம் அமைந்தது. இன்று நாடெங்கும் நூற்றுக்கும் மேல். ஒன்டாரியோ மையங்களின் கூட்டமைப்பு 2012-இல் தனக்கென்று ஓர் ஆய்வுச் சட்டகம் வெளியிட்டது. அதன் நான்கு கால்கள்: ஆய்வால் சமூகத்துக்குப் பயன் இருக்க வேண்டும், சமூகம் தன் குரலில் தானே பேச வேண்டும், எல்லாருடைய அறிவுக்கும் அதில் இடம் வேண்டும், ஆய்வு உறவின் மேல் நிற்க வேண்டும். ‘சமூகத்தைக் கலந்தாலோசித்து’ என்ற வழக்கமான பேச்சிலிருந்து இது விலகுகிறது. கலந்தாலோசிப்பதென்றால் கேள்வி ஏற்கெனவே ஆய்வாளரிடம் இருக்கிறது என்று பொருள். இங்கே கேள்வியே மையத்துக்கு வந்துபோகிறவர்களிடமிருந்து எழ வேண்டும்.

‘அவர் ஹெல்த் கவுன்ட்ஸ்’ ஆய்வும் இதே வழியில் போனது. மேத்தி மருத்துவர் ஜேனட் ஸ்மைலி முன்னெடுத்த இந்தத் திட்டத்தின் முதல் கட்டத்தை நட்புறவு மையக் கூட்டமைப்பு, ஒன்டாரியோ மேத்தி அமைப்பு, பூர்வகுடிப் பெண்கள் சங்கம், இனுயிட் அமைப்பான துங்கசுவிங்காத் ஆகிய நான்கும் சேர்ந்த ஆளுகைக் குழு நடத்தியது. ஹாமில்டனில் உள்ளூர்க் கூட்டாளி பூர்வகுடி சுகாதார மையம். அதன் பெயர் ‘டே ட்வா டா டெஸ் நியஸ்’, ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறோம் என்று பொருள். கேள்வித்தாள் தயாரித்த விதமும் வேறு. உங்கள் சமூகத்துக்கு முக்கியமான உடல்நலப் பிரச்சினைகள் எவை என்று கேட்டு, வந்த வாக்கியங்களைச் சமூகத்தாரையே வகைபிரித்து அடுக்கச் சொல்லி, எது முக்கியம் என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். அந்த அடுக்கிலிருந்துதான் கேள்விகள் எழுந்தன.

ஆளே ஆளைக் கூட்டிவரும் முறை

இனி கணக்குக்கு வருவோம். பட்டியலே இல்லாத மக்களிடம் மாதிரி எடுப்பது எப்படி? சமூகவியலாளர் டக்ளஸ் ஹெக்கதோர்ன் 1997-இல் ஒரு முறையை முன்வைத்தார். போதை ஊசி போடுகிறவர்களிடையே எச்ஐவி தடுப்புப் பணிக்காக உருவான முறை அது. ‘பங்கேற்பாளர் வழி மாதிரி’ என்று சொல்லலாம்.

1. முதலில் சமூகத்தில் வெவ்வேறு வட்டங்களைச் சேர்ந்த சிலரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இவர்கள் ‘விதைகள்’.

2. ஒவ்வொரு விதையும் பேட்டி கொடுத்து, அதற்குச் சிறு தொகை வாங்கிக்கொள்கிறார். கூடவே எண்ணிட்ட சில கூப்பன்களையும் வாங்கிக்கொள்கிறார், மூன்றோ ஐந்தோ.

3. கூப்பனைத் தனக்குத் தெரிந்த இன்னொரு பூர்வகுடியிடம் கொடுக்கிறார். அவர் மையத்துக்கு வந்து பேட்டி கொடுத்தால், கொடுத்தனுப்பியவருக்கும் ஒரு சிறு தொகை. வந்தவருக்கும் கூப்பன்கள்.

4. சங்கிலி இப்படியே நீள்கிறது. பல சுற்றுகள் போன பிறகு, முதல் விதை யார் என்பதன் சாயல் மங்கிவிடும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கதவைத் தட்டுகிறவர் அரசு ஊழியர் அல்லர். அத்தை மகளோ, கூட வேலை பார்த்தவரோ கூப்பனைக் கையில் வைத்து, ‘நான் போய்ட்டு வந்தேன், பயப்பட ஒண்ணுமில்ல’ என்கிறார். கணக்கெடுப்புப் படிவத்தால் இதைச் செய்ய முடியாது.

ஆனால் ஒரு கோளாறும் உடனே தெரிகிறது. நாலு பேரைத் தெரிந்தவரைவிட நூறு பேரைத் தெரிந்தவருக்குக் கூப்பன் வந்து சேரும் வாய்ப்பு அதிகம். அப்படியானால் மாதிரியில் கலகலப்பானவர்கள்தான் நிறைந்திருப்பார்கள். இதைச் சரிக்கட்ட, ‘உங்களுக்கு எத்தனை பூர்வகுடிகளைத் தெரியும்?’ என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, அந்த எண்ணால் அவருடைய பதிலை வகுக்கிறார்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். பத்துப் பேரிடம், ‘நட்புறவு மையத்துக்குப் போவீர்களா?’ என்று கேட்கிறோம். ஐந்து பேருக்குத் தலா 50 பேரைத் தெரியும், ஐவருமே போவார்கள். மற்ற ஐந்து பேருக்குத் தலா 5 பேரைத்தான் தெரியும். அவர்களில் ஒருவர் மட்டுமே போவார். தலையை எண்ணினால் பத்துக்கு ஆறு, அதாவது 60 சதவீதம். எடை போட்டால்? முதல் ஐவரின் மொத்த எடை 5/50 = 0.1. அடுத்த ஐவரின் எடை 5/5 = 1. போகிறவர்களின் எடை 0.1-உம் 0.2-உம் சேர்ந்து 0.3. அதை மொத்தமான 1.1-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 27 சதவீதம். ஒரே பத்துப் பேர், பாதிக்கும் கீழான விடை. ஒதுங்கி வாழ்கிறவரின் ஒரு சொல், பத்து வட்டங்களில் புழங்குகிறவரின் பல சொற்களுக்குச் சமமாகிறது.

அப்படியானால் 55,000 எப்படி வந்தது?

மாதிரி எடுத்தால் சதவீதம் கிடைக்கும், மொத்தத் தொகை கிடைக்காது. மொத்தத்துக்கு இன்னொரு படி வேண்டும். பதிவேடு ஒழுங்காக இருக்கும் ஓர் இடத்தைப் பிடிக்கிறார்கள். ஒரு பேச்சுக்கு, ஒரு மருத்துவ நிலையத்துக்கு ஓராண்டில் வந்த பூர்வகுடிகள் 3,000 பேர் என்று அதன் பதிவேடு சொல்வதாக வைத்துக்கொள்வோம். மாதிரியில் எடை போட்ட பிறகு 12 சதவீதத்தினர், ‘ஆமாம், அந்த ஆண்டு அங்கே போனேன்’ என்கிறார்கள். 3,000 என்பது மொத்தத்தில் 12 சதவீதம் என்றால், மொத்தம் 25,000.

எளிதாகத் தெரிந்தாலும் இதில் ஓட்டைகள் உண்டு. பதிவேட்டில் ஒரே ஆள் இரண்டு பெயரில் இருக்கலாம். எந்த ஆண்டில் போனோம் என்பது மறந்திருக்கலாம். ஆகவே ஒன்றுக்கு மேற்பட்ட பதிவேடுகளை வைத்து, பலவித அனுமானங்களில் கணக்குப் போட்டு, வேண்டுமென்றே குறைவாக வரும் பக்கத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். டொரண்டோவில் அப்படிக் குறைத்துப் போட்டதுதான் 55,000.

அதே மாதிரியில் இன்னொரு கேள்வியும் இருந்தது: 2011 கணக்கெடுப்பை நிரப்பினீர்களா? ஆம் என்றவர்கள் 14 சதவீதம் மட்டுமே. இதைப் பார்த்ததும் 19,270-ஐ 0.14-ஆல் வகுத்து ஒன்றே கால் லட்சத்துக்கும் மேல் என்று யாராவது கிளம்பலாம். அது தவறு. வீட்டுக்கு ஒருவர் நிரப்பினால் எல்லாரும் எண்ணப்படுவார்கள். அதிலும் 2011-இன் விரிவான படிவம் மூன்றில் ஒரு வீட்டுக்குத்தான் போனது, கட்டாயமும் அல்ல. 14 என்ற எண் மொத்தத் தொகையைச் சொல்லாது. அரசுப் படிவத்துக்கும் இந்த மக்களுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதைச் சொல்லும், அவ்வளவுதான்.

எண் கிடைத்ததும் என்ன தெரிந்தது?

ஹாமில்டனில் கிடைத்த விடைகள் ஊரைத் திரும்பிப் பார்க்க வைத்தன. முதற்குடிப் பெரியவர்களில் 78 சதவீதத்தினரின் ஆண்டு வருமானம் 20,000 டாலருக்கும் கீழே. சர்க்கரை நோய் 15.6 சதவீதம், நகரப் பொதுமக்களைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. இரண்டு ஆண்டுகளில் ஆறு தடவையோ அதற்கு மேலோ அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனவர்கள் 10.6 சதவீதம், ஹாமில்டன் பொதுமக்களில் 1.6. ஐந்தாண்டுகளில் ஒரு முறையாவது வீடு மாறியவர்கள் 90 சதவீதம்.

கடைசி எண்ணைப் பார்த்தால் கணக்கெடுப்பு ஏன் தவறுகிறது என்பதும் விளங்கும். கணக்கெடுப்பு முகவரியைத் தேடிப் போகிறது. உறவினர் வீட்டுச் சோபாவில் இரண்டு மாதம், தங்கும் விடுதியில் ஒரு மாதம் என்று இருப்பவரை எந்த முகவரியில் எண்ணுவது?

எண்ணப்படாததால் வரும் கேட்டை அமெரிக்காவில் இன்னும் கொடுமையாகப் பார்க்கலாம். சியாட்டிலில் இருக்கும் நகர்ப்புற இந்தியர் சுகாதார நிறுவனம், போனி இனத்தவரான அபிகெயில் எக்கோ-ஹாக் தலைமையில், காணாமல் போன, கொல்லப்பட்ட பூர்வகுடிப் பெண்களைப் பற்றி 71 நகரங்களின் காவல்துறைகளிடம் தகவல் கேட்டது. 2018-இல் வந்த அறிக்கையில் 506 பெண்கள். அவர்களில் 153 பேர் காவல்துறைப் பதிவுகளிலேயே இல்லை. குடும்பத்தார், செய்திகள், சமூக வலைத்தளங்கள் வழியே ஆய்வாளர்கள் தாங்களே தேடிக் கண்டுபிடித்தவர்கள். சியாட்டில் பதிவுகளில் இன்னொரு விசித்திரம். பழைய கோப்புகளில் இனத்தைக் குறிக்க ‘என்’ என்ற எழுத்து இருந்தது. பூர்வகுடியைக் குறிக்கும் ‘நேட்டிவ்’ என்று எடுத்துக்கொள்ளத் தோன்றும். அந்தக் காலத்து வழக்கத்தில் அது ‘நீக்ரோ’ என்பதற்கான எழுத்து. ஒரு பெட்டிக்குள் இரண்டு இனத்துப் பெயர்களும் கலந்துகிடந்தன.

அதே நிறுவனத்தின் இன்னொரு அறிக்கை வேறு சங்கடத்தைக் காட்டுகிறது. சியாட்டிலில் 148 பூர்வகுடிப் பெண்களிடம் 2010-இல் எடுத்த கணக்கு அது. 94 சதவீதத்தினர் வாழ்நாளில் பாலியல் வன்முறைக்கோ வற்புறுத்தலுக்கோ ஆளானவர்கள். 2018 வரை அது வெளிவரவில்லை. எண் அவ்வளவு பயங்கரமாக இருந்தது. வெளியே போனால் சமூகத்தின் மேல் முத்திரை குத்தப் பயன்படும் என்ற அச்சம் இருந்தது. தரவுக்குச் சமூகமே உரிமையாளர் என்றால், வெளியிடாமல் வைத்திருக்கும் உரிமையும் அதற்குள் அடக்கம். வெளி ஆய்வாளருக்கு இது எரிச்சலாக இருக்கும். என் கருத்தில், எட்டாண்டு மௌனமும் ஒரு விலைதான். ஆனால் அந்த விலையைக் கொடுப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்க வேண்டியவர்கள் அந்த 148 பேருக்கு நெருக்கமானவர்களே.

முடியாத தகராறுகள்

சமூகமே நடத்துகிறது என்றதும் எல்லாம் சரியாகிவிடாது. குறைந்தது மூன்று தகராறுகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

1. அமைப்பு என்றால் சமூகமா? நட்புறவு மையம் நகரத்துப் பூர்வகுடிகளுக்கு நெருக்கமானது, சரி. அங்கே காலடி வைக்காதவர்களும் இருக்கிறார்கள்: நல்ல வேலையில் இருப்பவர்கள், மையத்து நிர்வாகத்தோடு ஒத்துப்போகாதவர்கள், ஒதுங்கியே வாழ்கிறவர்கள். அவர்கள் சார்பில் மையம் கையெழுத்திட முடியுமா? கூப்பன் முறை அவர்களையும் மாதிரிக்குள் கொண்டுவர முயல்கிறது. அனுமதி தரும் மேசையில் அவர்களுக்கு நாற்காலி இல்லை.

2. யார் பூர்வகுடி? கனடாவின் பூர்வகுடித் தொகை 2006-க்கும் 2016-க்கும் இடையில் 42.5 சதவீதம் கூடியது. மேத்தி தொகை 51 சதவீதம். பிள்ளைப்பேற்றால் மட்டும் இவ்வளவு கூட முடியாது. முன்பு மறைத்தவர்கள், அல்லது தங்கள் வேரைப் பிறகு அறிந்தவர்கள், இப்போது ‘ஆம்’ என்று குறிக்கத் தொடங்கினார்கள் என்பது ஒரு காரணம். வேரே இல்லாமல் உரிமை கோருகிறவர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு என்பது பூர்வகுடிகள் தரப்பிலிருந்தே எழும் குற்றச்சாட்டு. 2021-இல் கனடாவின் பூர்வகுடி சுகாதார ஆய்வில் மிக உயர்ந்த பொறுப்பில் இருந்த ஒருவரின் வம்சாவளியே கேள்விக்குள்ளாகி, அவர் பொறுப்பிலிருந்து ஒதுங்க நேர்ந்தது. ஆக, ஒரே கணக்கெடுப்பு ஒரு பக்கம் உண்மையான ஏழைகளைத் தவறவிடுகிறது, இன்னொரு பக்கம் சந்தேகத்துக்குரியவர்களைச் சேர்த்துக்கொள்கிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும் என்று நினைக்க முடியாது. விடுபடுகிறவர்கள் ஒரு ரகம், வந்து சேர்கிறவர்கள் வேறு ரகம்.

3. காலம். பேசி, ஒப்பந்தம் எழுதி, கேள்வி உருவாக்கி, உள்ளூர்க்காரர்களைப் பயிற்றுவித்து முடிப்பதற்குள் ஆண்டுகள் போய்விடும். நிதி தரும் அமைப்போ கறாராகக் கெடு வைக்கும். மாணவருக்கு முனைவர் பட்டம் முடிந்தாக வேண்டும்.

டொரண்டோத் தமிழர்களுக்கு இந்தக் கதை முழுக்க அந்நியமாக இருக்காது. தமிழர் எத்தனை பேர் என்று அங்கே கேட்டாலும் சமூகத்தார் சொல்லும் எண் ஒன்று, கணக்கெடுப்பு எண் வேறொன்று. வித்தியாசம் என்னவென்றால், தமிழர்கள் தங்கள் எண்ணைப் பெரும்பாலும் வாய்ப்பேச்சாகவே வைத்திருக்கிறார்கள். பூர்வகுடி அமைப்புகள் தங்கள் எண்ணுக்கு மாதிரி, எடை, பிழை வரம்பு எல்லாம் வைத்து, மருத்துவ ஆய்விதழில் வெளியிட்டு, ‘இதில் குறை இருந்தால் காட்டுங்கள்’ என்றன.

மாநகராட்சி ஆவணங்களிலும் இரண்டு எண்கள் சேர்ந்தே வந்தன. நகரத்துப் பூர்வகுடிகள் எத்தனை பேர் என்று சொல்ல வேண்டிய இடத்தில் கணக்கெடுப்பின் 23,065-ஐ எழுதிவிட்டு, பூர்வகுடி அமைப்புகளின் மதிப்பீடு 70,000-ஐ (ஆய்வின் மேல்வரம்பான 73,000-க்கு அருகில்) ஒட்டியது என்று அடுத்த வரியில் சேர்த்தார்கள்.